மாடிப்படி ஒயரிங்

பத்தாம் வகுப்பில் நானூறைத் தாண்டியும்
மின்பொறியியல் பிரிவு என்று எழுதிக் கொடுத்தேன்.
ஆபீசில் இருந்தவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் காரணம் ஏதும் இருக்கிறதா என்று.

தொழிற்கல்வி வகுப்பும் கட்டடத்தின் பின்பக்கம்தான்.
பாதி அறை நாங்கள்.
மீதிப் பாதியில்
இன்னும் யாருக்கும் கொடுக்காத இலவச சைக்கிள்கள்.
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால்
எந்த ஆலை எப்போது மூச்சுவிடுகிறதென்று
முதலில் எங்களுக்குத்தான் தெரியும்.
பதினோரு பேர். பெண்கள், நானும் தில்ஷாதும்.

செய்முறைக்கு ஒரு மரப்பலகை.
முன்னால் படித்துப் போனவர்கள் போட்ட துளைகளில்
என் திருகு பிடிக்க இடம் தேட வேண்டும்.
ஒயரும் அதே ஒயர்.
முனை சீவிச் சீவி
வருடத்துக்கு ஒரு சாண் குட்டையாகிறது.

தேர்வில் எனக்கு விழுந்த சீட்டு
மாடிப்படி ஒயரிங்.
கீழே போட்டதை மேலே அணைக்கலாம்,
மேலே போட்டதைக் கீழே.
"இது எங்கெல்லாம் பயன்படும்?"
"மாடிப்படிகள், நீண்ட தாழ்வாரங்கள் சார்."
புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.
வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில்
மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி,
குடிவந்த நாளிலிருந்து ஒரு பல்பு எரிந்ததில்லை என்பதை
அவர் கேட்கவில்லை.
நாற்பத்தோராவது படி உடைந்தது.
எங்கள் கால்களுக்கெல்லாம் தெரியும்,
விருந்தாளிகளின் கால்களுக்குத் தெரியாது.

பத்து நாள் பயிற்சிக்கு கன்டெய்னர் யார்டு.
வெளிநாடு போகும் இறாலுக்கு மைனஸ் பதினெட்டு.
ஒரு நிமிடம் கரண்ட் போனால் யாருக்காவது வேலை போகும்.
மூன்று நாள் டீ வாங்கினோம்,
ரிஜிஸ்டரில் கோடு போட்டோம்.
நாலாம் நாள், வரிசையில் ஒரு பிளக்கின் அருகே
புறங்கையைக் காட்டி நின்றாள் தில்ஷாத்.
"இது மட்டும் சுடுது."
சிரித்துக்கொண்டே கழற்றினார்கள்.
உள்ளே கருகல்.
அன்று டீ வாங்க வேறு ஆள் போனார்.

பயிற்சிக்குக் கிடைத்த பஸ் காசை நடந்து நடந்து மிச்சம்பிடித்துப்
பாரிமுனையில் ஒயர், மூன்று பல்பு, இரண்டு சுவிட்ச்.
புது ஒயர். வெட்டும்போது கை கூசியது.
ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்றேன்.
முடிக்கும்போது கீழே ஒரு கூட்டம்,
ஒரே ஒரு கேள்வி:
"எவன் மீட்டரு?"

அமுல் அக்கா சொன்னாள்,
"நான் தரையில கீறேன், எனக்கெதுக்குமே படி லைட்டு?"
நோட்டை விரித்தேன்.
மூன்று பல்பு, இருபத்தேழு வாட்,
இரவுக்கு ஐந்து மணி நேரம், அறுபது நாள்:
எட்டு யூனிட்டும் கொஞ்சம் கொசுறும்.
இலவச நூறில் ஒரு கிள்ளு.
கணக்கில் பிழையில்லை.
ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.
மின்சாரம் எந்த முனையிலிருந்து கிளம்பும் என்று
படம் காட்டும்.
எந்த வீட்டிலிருந்து என்று காட்டாது.

மூன்று நாள் பல்புகள் சும்மா தொங்கின.
நாலாம் நாள் ராத்திரி
மூன்றாம் மாடி எட்டியப்பன் மகளைப்
பெண் பார்க்க வந்தார்கள்.
மாப்பிள்ளையின் அப்பா
நாற்பத்தோராவது படியில் உட்கார்ந்துவிட்டார்,
வேண்டுமென்று அல்ல.

காலையில் எட்டியப்பன் கதவைத் தட்டினார்.
"யுவராணி, எம் மீட்டர்லயே குட்த்துடு."

இப்போது இரண்டாம் மாடிக்காரர்கள் கேட்கிறார்கள்,
"எங்களுக்கு எங்க சுவிட்ச்சு?"
அதற்கு நாலு முனை சுவிட்ச் வேண்டும்.
எங்கள் பலகையில் அது இல்லை, பாடத்திலும் இல்லை.
நாற்பத்தோராவது படியில் உட்கார்ந்து
வரைந்து பார்க்கிறேன்.
பாதிக் கோட்டில் விளக்கு அணைகிறது.
கீழே எவனோ ஒரு வாண்டு,
மேலே இன்னொன்று,
போடுகிறதுகள், அணைக்கிறதுகள்.
எட்டியப்பன் இருட்டில் கத்துகிறார்:
"எம் மீட்டருடா!"